கடைசி ஊரின் மதகு

முன்னொரு காலத்தில், சண்டையெல்லாம் ஓய்ந்து ராஜாக்களுக்குப் பொழுது போகாமல் கிடந்த நாளில், ஒரு நாட்டைச் சிம்மகேசரி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், கொடுக்கிற கைதான். ஆனால் வருஷத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒரு வருஷம் புறா வளர்த்தார், அரண்மனை முழுக்க எச்சம். இன்னொரு வருஷம் வீணை கற்றார், அரண்மனையில் பாதிப் பேர் விடுப்பில் போனார்கள். நான் சொல்லும் வருஷத்தில் அவருக்கு அளக்கிற பைத்தியம் பிடித்திருந்தது.

எதைக் கண்டாலும் அளப்பார். பட்டத்து யானையின் வாலை அளந்தார். மந்திரிமார்களின் மீசையை அளந்து, குட்டை மீசைக்காரரைக் கடைசி ஆசனத்துக்கு அனுப்பினார். இலையில் விழுந்த அப்பங்களை அளந்து, ஒன்றுக்கொன்று அரை விரற்கடை வித்தியாசம் இருக்கிறதென்று சாப்பிடாமல் எழுந்துபோனார். தம்மைத்தான் பட்டினி போட்டுக்கொண்டார், சமையற்காரனை ஒன்றும் செய்யவில்லை. அந்த மட்டும் நல்லவர் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒருநாள் அளக்க வேறெதுவும் மிச்சமில்லை. சிம்மாசனத்தில் சாய்ந்தபடி சபையைப் பார்த்துக் கேட்டார்:

"நமது நாட்டில் எந்த ஊர் மக்கள் மிக நன்றாக வாழ்கிறார்கள்? எந்த ஊர் மக்கள் மிக மோசமாக வாழ்கிறார்கள்? யாராவது அளந்ததுண்டா?"

மீசையை அளந்த அனுபவம் சபையில் எல்லோருக்கும் நினைவிருந்தது. வாய் திறந்தால் நாக்கையும் அளந்துவிடுவாரோ என்று பயம்.

பிரதானி நீலகேசவர் மட்டும் எழுந்தார். இவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் மாணிக்கபுரி. அங்கே அவருக்கு வெற்றிலைக் கொடிக்காலும் பாக்குத் தோப்பும் கண்ணுக்கு எட்டிய மட்டும் உண்டு. ஆற்றின் குறுக்கே ஒரே ஓர் அணை; அதிலிருந்துதான் எல்லா ஊர்களுக்கும், அரண்மனைக்கும் மதகு வைத்து வாய்க்கால் பிரிந்தது. பக்கத்து ஊரான நெடுங்குளத்தின் வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் நீலகேசவருக்கு வயிறு எரியும். எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். நெடுங்குளத்தார் தரவில்லை.

"மன்னா, மனித வாழ்வைக் கெடுப்பவை நோய், பசி, சண்டை. இம்மூன்றும் குறைந்த ஊரே நன்றாக வாழும் ஊர். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் நோயாளிகளையும், கையேந்துவோரையும், வழக்காடுவோரையும் எண்ணுவோம். வீட்டுக்கு இத்தனை பேர் என்று வகுப்போம். அளவு கையில் வந்துவிடும்" என்றார் நீலகேசவர்.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அற்புதம்! அளந்தபின்?"

"அளந்தால் மட்டும் போதாது, உறைக்கவும் வேண்டும் மன்னா. கடைசியில் வரும் ஊரின் மதகை அடைத்து, அந்தத் தண்ணீரை முதலில் வரும் ஊருக்குத் திருப்பிவிடுவோம். அப்போதுதான் சோம்பேறி ஊர்கள் திருந்தும்."

சபையே ஆமாம் போட்டது. அந்தச் சபைக்கு அது ஒன்றுதான் நன்றாகத் தெரியும்.

எண்ணுகிற ஆட்கள் புறப்பட்டார்கள். யார் அனுப்பினார்கள்? நீலகேசவர். எந்த ஊருக்கு என்றைக்குப் போவார்கள் என்று யாருக்குத் தெரியும்? நீலகேசவருக்கு. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மாணிக்கபுரியில் அவர்கள் வருவதற்கு முன்பே ஊர் துடைத்துவிட்டதுபோல் ஆனது. இருமுகிறவர்களை எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். பிச்சைக்காரர்களை நாயை ஏவித் துரத்தினார்கள். வழக்கு வைத்திருந்தவர்களைக் கூப்பிட்டு, "உனக்கு வழக்கு இருக்கிறதா?" என்று கேட்ட விதத்திலேயே எல்லா வழக்கும் தீர்ந்துபோயிற்று. வந்தவர்கள் ஒவ்வொரு தெருவாகத் தேடியும் ஒரு நோயாளியில்லை, ஒரு பிச்சைக்காரனில்லை, ஒரு சண்டையில்லை.

நெடுங்குளத்தில் கதை வேறு. அங்கே ஓர் ஆதுலர்சாலை இருந்தது. ஆதுலர்சாலை என்றால் நோயாளிகளைப் படுக்கவைத்து வைத்தியம் பார்க்கிற இடம். சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அது கிடையாது. அதனால் எந்த ஊரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அங்கேதான் வருவார்கள். உச்சிப்பொழுதில் அங்கே கஞ்சி ஊற்றுவார்கள். எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள். வெள்ளிதோறும் ஊர்ச்சபை கூடும். ஒரு கோழி வேலி தாண்டியதென்றாலும் உட்கார்ந்து கேட்டுத் தீர்ப்பார்கள். எண்ணுகிறவர்கள் வந்து நின்றது சரியாக ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில். கட்டிலில் கிடந்தவர், கஞ்சிக்கு நின்றவர், கோழிக்கு வாதாடியவர் எல்லோரையும் நெடுங்குளத்தின் கணக்கிலேயே எண்ணிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

முடிவு என்னவாக இருக்கும்? மாணிக்கபுரி முதலிடம். நெடுங்குளம் கடைசி.

ராஜா அதை அறிவித்ததும் சபையின் ஓரத்திலிருந்து ஒருவன் துள்ளி எழுந்தான். அவன்தான் குப்பாண்டி, ராஜாவின் விகடன். அவனுக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்று, அவனைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து அப்படிப் பெயர் வைத்தார்களாம். குட்டையான ஆள், மீசையே கிடையாது, ஆகையால் ராஜாவின் அளவுகோலிலிருந்து தப்பித்தவன். அவன் பேசினால் ராஜா சிரிப்பார், மற்றவர்கள் பேசினால் கொட்டாவி விடுவார். சபையில் பாதிப் பேருக்கு அவன்மேல் இருந்த எரிச்சலுக்கு இது போதாதா?

"மன்னா, பொறுத்தருள வேண்டும். நெடுங்குளத்தில் நோயாளிகள் அதிகம் இருப்பதற்குக் காரணம்..."

"மன்னா!" என்று குறுக்கே விழுந்தார் நீலகேசவர். "இவருடைய மனைவி பிறந்த ஊர் நெடுங்குளம். மாமியார் வீட்டு வாழைத்தோட்டம் காய்ந்துவிடுமே என்று இவருக்குக் கவலை. தங்கள் ஆணை பெரிதா, மாமியார் வீடு பெரிதா என்று இன்றே தெரிந்துவிடட்டும். மதகை அடைக்கும் வேலையை இவரிடமே ஒப்படையுங்கள். சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் கடைசி ஊரின் மதகு அடைபட்டிருக்க வேண்டும். ஆணையில் ஒரு சொல் பிசகினாலும் இவர் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்."

மீசைக்காரர்கள் எல்லோரும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்கள். அடைத்தால் மாமியார் வீட்டில் தலைகாட்ட முடியாது. அடைக்காவிட்டால் நாட்டிலேயே தலைகாட்ட முடியாது. நன்றாகத்தான் வலை விரித்திருந்தார்.

குப்பாண்டி பயந்தது உண்மை. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பயம் போய் ஒரு வீம்பு வந்துவிட்டது. ராஜாவின் பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

"தங்கள் ஆணையை ஒரு சொல் பிசகாமல் நிறைவேற்றுகிறேன் மன்னா. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். எண்ணுகிறவர்கள் எந்த இடத்தையாவது விட்டுவிட்டிருந்தால்?"

"விட்டிருந்தால் நீயே எண்ணு. மக்கள் குடியிருக்கும் எந்த இடமும் விடுபடக் கூடாது."

"அளவு எல்லா இடத்துக்கும் ஒன்றுதானா? சிறிய இடம், பெரிய இடம் என்று பார்க்க வேண்டுமா?"

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அளவில் பாரபட்சமா? என் நாட்டிலா? எல்லோருக்கும் ஒரே அளவு! கடைசியில் வருவது எந்த இடமானாலும் மதகை அடை. இந்தா, என் முத்திரை மோதிரம்."

குப்பாண்டி மோதிரத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேராக நெடுங்குளத்துக்குப் போனான்.

அங்கே செய்தி அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ஆதுலர்சாலையின் முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. நாற்றங்காலில் நாற்று நடவுக்கு நிற்கிற நேரம். தண்ணீர் நின்றால் ஒரு போகமே போய்விடும். ஊர்நாட்டாமை இருளப்பர் பேசிக்கொண்டிருந்தார். எதிரே, இடுப்பில் கையூன்றி நின்றாள் அந்தச் சாலையின் மருத்துவச்சி சீரங்காயி. பெரிய உருவம், பெரிய குரல். நோயைவிட அவள் குரலுக்குத்தான் நோயாளிகள் அதிகம் பயப்படுவார்கள்.

"சீரங்காயி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளும்மா. சாலையைச் சாத்திருவோம். படுத்திருக்கிறவங்களை அவங்கவங்க ஊருக்கு அனுப்பிருவோம். கஞ்சியையும் நிறுத்திருவோம். அப்புறமா, மறுபடி வந்து எண்ணுங்கன்னு ராஜா கால்ல விழுந்து கேப்போம். வேற வழி தெரியல எனக்கு."

"அனுப்புனா போற வழியிலேயே நாலு பேரு செத்துப் போவாங்க நாட்டாமை. அதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?"

"நாத்து கருகுனா ஊரே சாவுமே, அதுக்கு என்ன சொல்ற?"

நாட்டாமை சொன்னதும் பொய்யில்லை என்று சீரங்காயிக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு அழுகையாக வந்தது. அழுகை வந்தால் அவளுக்குக் குரல்தான் ஏறும்.

"வந்துட்டாரு பாருங்க மதகு அடைக்கிறவரு!" என்று குப்பாண்டியைப் பார்த்துக் கத்தினாள். "ஏன் தம்பி, எங்க ஊருல பொண்ணு எடுத்தவருதானே நீங்க? காய்ச்சல்னு வந்தவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது தப்பா? கதவைச் சாத்துன ஊருக்குத்தான் முதல் பரிசா?"

"அக்கா, தப்பில்ல. நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். சனிக்கிழமை வரைக்கும் இந்தக் கதவைச் சாத்தக் கூடாது. ஒருத்தரையும் வெளியே அனுப்பக் கூடாது. நாட்டாமை, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"சாத்தலேன்னா தண்ணி வருமா மாப்பிள்ளை?" என்று கேட்டார் இருளப்பர்.

"வராட்டி நான் குடும்பத்தோட இந்த நாட்டை விட்டே போறேன். அதுக்கு மேல என்கிட்ட அடகு வைக்க ஒண்ணுமில்லை."

இருளப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, சனிக்கிழமை வரைக்கும்" என்றார்.

குப்பாண்டி கட்டில்களுக்கு நடுவே ஒரு சுற்று நடந்தான். ஒவ்வொருவரிடமும் எந்த ஊர் என்று கேட்டான். கேட்டவர்களில் பாதிக்கு மேல் மாணிக்கபுரி. மூலையில் பட்டுக்கரைச் சால்வை போர்த்திய ஒரு பெரியவர், அவனைக் கண்டதும் சால்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டார். ஆனால் இருமலை எந்தச் சால்வையால் மூட முடியும்? குப்பாண்டி குனிந்து பார்த்தான். அடையாளம் தெரிந்தது. நெடுங்குளத்துக்குள் நுழைந்ததிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தான்.

"அக்கா, சனிக்கிழமை காலையில இந்தப் பெரியவரை வண்டியில வெச்சு அரண்மனை வாசலுக்குக் கூட்டிட்டு வாங்க. வழியில குலுங்காம பாத்துக்குங்க" என்று சீரங்காயியிடம் சொல்லிவிட்டுத் தலைநகருக்குத் திரும்பினான்.

வெள்ளிக்கிழமை முழுக்க அரண்மனைக்குள்ளேயே சுற்றினான். அடுப்படியில் சமையற்காரனோடு முட்டிவலியைப் பற்றிப் பேசினான். ராணியின் தோழியிடம் ராணிக்கு ஒற்றைத் தலைவலி எப்படி என்று விசாரித்தான். ராஜ வைத்தியரின் கூடத்தில் அரை நாள் உட்கார்ந்தான். வாசலில் தானம் வாங்க நின்ற வரிசையைப் பார்த்தான். நியாய மண்டபத்தில் வழக்குச் சொல்ல வந்திருந்த கூட்டத்தையும் போய்ப் பார்த்தான். விகடன் வேலையற்றுத் திரிகிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை என்றால் ராஜாவுக்கு எண்ணெய்க் குளியல். சண்டையே வந்தாலும் அது மட்டும் நிற்காது. குளியலறையில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்தார். எண்ணெய் தேய்க்கிற பெரியகருப்பன் நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சந்தலையில் வைத்துத் தப்புத் தப்பென்று தட்டினான். அரண்மனை வாய்க்காலின் தண்ணீர், சுவரில் பதித்த கல் நந்தியின் வாய் வழியாகக் கொட்டி ஒரு பெரிய செப்பு அண்டாவில் நிறையும். அண்டாவுக்குக் கீழே விறகு எரியும். ராஜாவுக்கு நிறைய முடி, ஆகவே இரண்டு தடவை சீயக்காய் தேய்க்க வேண்டும். முதல் சீயக்காயை அலசியதிலேயே அண்டா காலி. அது நிறைவதற்குள் இரண்டாவது சீயக்காயை முகம், மூக்கு, காது, புருவம் எல்லாம் மூடும்படி தேய்த்தாயிற்று.

"ஊற்று" என்றார் ராஜா, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

சத்தமில்லை.

"ஊற்று என்கிறேன்!"

"சாமி..." என்று இழுத்தான் பெரியகருப்பன். "நந்தி வாயிலேர்ந்து தண்ணி வரலீங்க."

"என்ன வருகிறது?"

"ஒரு தவளை வந்துச்சு. அப்புறம் ஒண்ணும் வரலீங்க."

"கிணற்றில் இறை!"

"அதை மூடி வருஷமாச்சுங்க சாமி. வாய்க்கா இருக்கையில கிணறு எதுக்குன்னு பிரதானி அய்யாதான் மூடச் சொன்னாரு."

ராஜா கோபத்தில் கண்ணைத் திறந்தார். திறந்திருக்கக் கூடாது. சீயக்காய் கண்ணுக்குள் இறங்கியது. அதன்பிறகு அவர் போட்ட கூச்சலில் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்துபோயின. இடுப்பில் ஈரத்துண்டு, தலையில் சீயக்காய் மூட்டை, கண்ணில் குடம் குடமாகக் கண்ணீர். அந்தக் கோலத்திலேயே சபைக்கு வந்துவிட்டார்.

"யார்? என் மதகை அடைத்தவன் யார்?"

நீலகேசவர் மனசுக்குள் குதித்தார். முகத்தில் மட்டும் துக்கம். "மன்னா, அணையில் நான் நிறுத்தி வைத்த ஆள் இப்போதுதான் ஓடிவந்து சொன்னான். தங்கள் முத்திரை மோதிரத்தைக் காட்டி, அரண்மனை மதகை அடைத்தது இந்தக் குப்பாண்டி. மதகுக்காரன் இது அரண்மனைத் தண்ணீர் என்று கதறியிருக்கிறான். இவர் கேட்கவில்லை. இது ராஜத்துரோகம்!"

குப்பாண்டி கும்பிட்டபடி முன்னால் வந்தான். "மதகை அடைத்தது உண்மை மன்னா. தங்கள் ஆணைப்படி அடைத்தேன். கடைசியில் வந்த இடத்தின் தண்ணீர் இப்போது மாணிக்கபுரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது."

"கடைசியில் வந்தது நெடுங்குளம்!"

"நெடுங்குளம் கடைசிக்கு முன்னால் வந்த ஊர் மன்னா. எண்ணுகிறவர்கள் ஓர் இடத்தை விட்டுவிட்டார்கள். மக்கள் குடியிருக்கும் எந்த இடமும் விடுபடக் கூடாது என்று தாங்கள்தான் சொன்னீர்கள். இந்த அரண்மனையிலும் மக்கள் குடியிருக்கிறார்கள். அதனால் நேற்று முழுக்க எண்ணினேன்."

குப்பாண்டி ஆரம்பித்தான்.

"நோயாளிகள்: தங்களுக்குப் பல்வலி, ராணியாருக்குத் தலைவலி, சேனாதிபதிக்கு முட்டி, பிரதானிக்கு அஜீரணம். இவர்களைத் தவிர ராஜ வைத்தியரின் கூடம் நிறைய ஆட்கள். கையேந்துவோர்: அரண்மனை வாசலில் தானத்துக்கு நிற்கும் வரிசை கடைத்தெரு வரைக்கும் போகிறது. வழக்காடுவோர்: நாட்டிலுள்ள அத்தனை வழக்கும் இங்கேதான் நடக்கிறது. இதையெல்லாம் வீட்டுக்கு இத்தனை என்று வகுக்க வேண்டும். அரண்மனை ஒரே வீடு மன்னா. வகுத்துப் பார்த்தேன். நாட்டிலேயே மிக மோசமாக வாழும் இடம் இதுதான். எனக்கே பரிதாபமாகப் போய்விட்டது."

"முட்டாளே!" என்று ராஜா கர்ஜித்தார். சீயக்காய் நாலு பக்கமும் தெறித்தது. "இங்கே வைத்தியர் இருக்கிறார், அதனால் நோயாளிகள் வருகிறார்கள்! நான் கொடுக்கிறேன், அதனால் கேட்க வருகிறார்கள்! இங்கே நியாயம் கிடைக்கும், அதனால் வழக்கோடு வருகிறார்கள்! இது என் பெருமையா, என் குறையா?"

குப்பாண்டி வாயிற்பக்கம் பார்த்துக் கையைக் காட்டினான். சீரங்காயி உள்ளே வந்தாள். அவள் தோளில் சாய்ந்தபடி, பட்டுக்கரைச் சால்வைக்காரர் மெதுவாக நடந்து வந்தார்.

"மன்னா, இவர் நெடுங்குளத்து மருத்துவச்சி. தாங்கள் இப்போது சொன்னதைத்தான் அந்த ஊராரும் சொல்கிறார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. அவரோடு வந்திருப்பவர் நெடுங்குளத்தின் கணக்கில் எண்ணப்பட்ட நோயாளி. பெரியவரே, தாங்கள் எந்த ஊர்?"

பெரியவர் இருமி முடித்தார். "மாணிக்கபுரிங்க. இதோ நிக்கிறாரே நீலகேசவர், அவருக்குப் பொண்ணு கொடுத்த மாமனார் நான்."

நீலகேசவரின் முகத்தில் அசடு வழிந்தது.

"எண்ணுறவங்க வர்றாங்க, ஊருக்குள்ள இருமக் கூடாதுன்னு மாப்பிள்ளை சொல்லிட்டாருங்க. ராவோட ராவா வண்டியில ஏத்தி நெடுங்குளத்துல இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. இந்தம்மாதான் பாத்துக்கிச்சு. எந்த ஊருன்னுகூடக் கேக்கல." சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஊருல நோயாளியே இல்லைன்னு பரிசு கொடுத்தீங்களாமே. எப்படி இருப்பாங்க? நாங்க எல்லாம் இவங்க கட்டில்ல கிடக்கோம்."

ராஜா சிம்மாசனத்தில் மெல்ல உட்கார்ந்தார். கண் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனாலும் அதைத் துடைக்க மறந்துவிட்டார். நெடுங்குளத்தின் தண்ணீரை நிறுத்தச் சொன்னது தம் வாய்தான் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பிறகு குப்பாண்டியைப் பார்த்தார்.

"இதை நீ என்னிடம் நேரில் சொல்லியிருக்கலாமே?"

"அன்றைக்கே சபையில் சொல்ல வாயெடுத்தேன் மன்னா. தங்கள் காதில் ஏறவில்லை. அதனால் கண்ணில் ஏறட்டும் என்று விட்டுவிட்டேன்."

ராஜாவின் வயிறு குலுங்கியது. தோள் குலுங்கியது. சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு! புருவத்தில் காய்ந்திருந்த சீயக்காய் பொல பொலவென்று மடியில் உதிர்ந்தது. சபையும் சிரித்தது. நீலகேசவரும் வேறு வழியில்லாமல் கொஞ்சம் சிரித்துப் பார்த்தார்.

"சரி, நான் அளந்தது தப்பு. ஆனால் அளக்காமல் என்னால் இருக்க முடியாது. எப்படி அளப்பது, அதைச் சொல்" என்றார் ராஜா.

"ஊருக்குள் எத்தனை நோயாளி என்று எண்ண வேண்டாம் மன்னா. ஆட்களைப் பாதையில் நிறுத்துங்கள். உடம்பு முடியாதவனும், பசித்தவனும், நியாயம் கேட்பவனும் எந்த ஊரை நோக்கி நடக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள்."

"அப்படிப் பார்த்தால் நெடுங்குளம்தான் முதல், மாணிக்கபுரிதான் கடைசி!" ராஜா தொடையில் தட்டினார். "ஆணை மாறாது. மாணிக்கபுரியின் மதகை அடைத்து..."

"வேணாம் சாமி!" என்று சீரங்காயி போட்ட சத்தத்தில் ராஜாவே பின்னால் சாய்ந்தார். "தண்ணி இல்லேன்னா அந்த ஊரு சனமும் படுத்துரும். படுத்தா எங்க வாசலுக்குத்தான் வரும். எங்க கிட்ட கட்டில் இல்ல சாமி. யாரு தண்ணியையும் நிறுத்தாதீங்க."

ராஜா அவளைக் கும்பிட்டார். ராஜா ஒரு மருத்துவச்சியைக் கும்பிட்டதை அந்தச் சபை அதுவரை பார்த்ததில்லை. எந்த ஊரின் மதகும் இனி அடைக்கப்படாது என்றார். மாணிக்கபுரியில் நீலகேசவரின் பாக்குத் தோப்பிலேயே ஓர் ஆதுலர்சாலை கட்ட வேண்டும். அது கட்டி முடியும்வரை நீலகேசவர் நெடுங்குளத்தில் தங்கி, மாமனாரின் கட்டிலருகே இருந்து அவருக்குக் கஷாயம் கொடுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். "மருந்தைச் சிந்துனீங்கன்னா எனக்குப் பிடிக்காது" என்று சீரங்காயி அப்போதே பிரதானியை எச்சரித்துவிட்டாள்.

"குப்பாண்டி, உனக்கு என்ன வேண்டும்? கேள்."

"அந்தச் செப்பு அண்டா வேண்டும் மன்னா."

"என் குளியல் அண்டாவா? அது உன் வீட்டு வாசலில் நுழையாதே!"

"என் வீட்டுக்கு இல்லை. நெடுங்குளத்தில் சின்னச் சட்டியில் கஷாயம் காய்ச்சி மாளவில்லை. மாமியார் வீட்டுக்கு ஏதாவது எடுத்துக்கொண்டு போகாவிட்டால் எனக்கும் மரியாதை இல்லை."

அண்டாவைக் கொடுத்தார். கூடவே குப்பாண்டிக்கு இரண்டு கைக்கும் பொற்காப்புப் போட்டார். அதற்குப் பிறகுதான் மதகைத் திறந்துவிட ஆள் ஓடினான். தண்ணீர் வந்துசேரும்வரை ராஜா சீயக்காயோடு உட்கார்ந்து, கோழி வழக்கு எப்படித் தீர்ந்தது என்று சீரங்காயியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நெடுங்குளத்தில் நடவு நடந்தது. ஆதுலர்சாலையின் கதவை யாரும் சாத்தவில்லை. ராஜாவின் அண்டாவில் கஷாயம் கொதித்தது. அதைக் குடித்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ராஜா அதன் பிறகும் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டார். ஆனால் தலையில் சீயக்காய் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வாரமும் குப்பாண்டியைக் கூப்பிட்டனுப்பி, "இந்த வாரம் கடைசியில் வந்தது எந்த இடம்?" என்று கேட்டுக்கொண்டுதான் கண்ணை மூடுவாராம்.